நூற்புழுவைக் கொண்டு வேதிச்சேர்மங்களின் நரம்பு விளைவைச் சோதிக்கும் முறை

சோதனைத் தட்டில் ஒரு சேர்மத்தைச் சேர்த்த சிறு குழியில் மறுநாள் காலை புழுக்கள் எல்லாம் அசையாமல் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நரம்பு முனையிலிருந்து வரவேண்டிய சைகை நின்றுபோயிருக்கலாம். சைகை வந்தும் தசை அதை ஏற்காமல் இருக்கலாம். நரம்புக்குத் தொடர்பே இல்லாமல் உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தி கெட்டு உடல் முழுவதும் தளர்ந்திருக்கலாம். கரைப்பான் கூடியிருக்கலாம், குழியின் நீர் ஆவியாகி உப்புச்செறிவு ஏறியிருக்கலாம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே காட்சியாகத்தான் தெரியும். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் நூற்புழுவில் சேர்மங்களைச் சோதிக்கப் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். எனவே புழுவை வளர்ப்பதையும் அசைவை எண்ணுவதையும் சொல்லும்போதே, இந்தக் காரணங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தப் புழு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. உடல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவக் கூடியது. மனிதருக்கு நோய் தராது. 20 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்தை அடைய மூன்று நாளுக்குச் சற்றே கூடுதலாகும். பெரும்பாலான புழுக்கள் இருபாலுயிரிகள் என்பதால், ஒரே ஒரு புழுவிலிருந்து மரபு ஒத்த கூட்டம் முழுவதையும் பெருக்கிவிட முடியும். சிட்னி பிரென்னர் 1974இல் இதன் மரபியலை விரிவாக வெளியிட்டார். 302 நரம்பணுக்களும் ஒன்றோடொன்று எப்படி இணைந்துள்ளன என்ற வரைபடம் 1986இல் வந்தது. மரபணுத்தொகுதி 1998இல் வாசித்து முடிக்கப்பட்டது. அசெட்டைல்கோலின், டோபமைன், செரடோனின், காபா, குளுட்டமேட் ஆகிய நம் நரம்புக்கடத்திகள் எல்லாம் இதனிடமும் உள்ளன. அதனால்தான் நரம்பில் வேலை செய்யும் பல மருந்துகளும் பூச்சிக்கொல்லிகளும் இப்புழுவிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை உண்டாக்குகின்றன.

ஒரே வயதுப் புழுக்களைத் தயார்ப்படுத்துதல்

வயது கலந்த புழுக்களில் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம். எல்1 என்னும் முதல் இளம்பருவப் புழுவும் வளர்ந்த புழுவும் ஒரே சேர்மத்துக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். அந்த வேறுபாடே சில வேளைகளில் சேர்மத்தின் விளைவைவிடப் பெரிதாக இருக்கும். காட்டுவகையாக, அதாவது மரபுமாற்றம் இல்லாத இயல்பான வகையாக, எல்லோரும் பயன்படுத்துவது பிரிஸ்டல் என்2 வகை. இதையும் ஆயிரக்கணக்கான மரபுமாற்ற வகைகளையும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள புழுவகை மையத்திலிருந்து பெறலாம்.

வளர்ப்புத் தட்டுக்கு ஒரு லிட்டர் நீரில் 3 கிராம் சோடியம் குளோரைடு, 2.5 கிராம் பெப்டோன், 17 கிராம் அகர் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), சூடு ஆறிய பின் கொலஸ்ட்ரால், கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் சல்ஃபேட், பொட்டாசியம் பாஸ்ஃபேட் பஃபர் ஆகியவற்றைச் சேர்த்து ஊற்ற வேண்டும். இந்தப் புழுவால் கொலஸ்ட்ராலைத் தானே உருவாக்க முடியாது என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. தட்டின் நடுவில் ஓபி50 என்னும் ஈ.கோலி பாக்டீரியாவைத் துளியாக இட்டுப் பரப்பி, ஓரிரவு வளரவிட்டால் உணவு தயார்.

முட்டை நிறைந்த புழுக்களை எம்9 என்னும் உப்புக் கரைசலில் (பஃபரில்) கழுவிச் சேர்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் குலுக்கினால் சில நிமிடங்களில் உடல்கள் உடைந்து முட்டைகள் மட்டும் மிஞ்சும். இந்த இடத்தில் கடிகாரத்தை நம்பாமல் கண்ணை நம்புங்கள். குழாயிலிருந்து ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பெரும்பாலான உடல்கள் பிளந்தவுடன் எம்9 நிறைய ஊற்றி, சுழற்றிப் படியவைத்து மூன்று முறை கழுவுங்கள். ஐந்தாறு நிமிடங்களுக்கு மேல் விட்டால் முட்டைகளும் சேர்ந்து செத்துவிடும். கழுவிய முட்டைகளை உணவில்லாத எம்9இல் ஓரிரவு மெல்லக் குலுக்கினால் பொரிந்த புழுக்கள் எல்1 பருவத்திலேயே நின்று காத்திருக்கும். இவற்றை உணவுத் தட்டில் இட்டு 20 டிகிரியில் வைத்தால் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் எல்4 பருவத்தை எட்டும். எல்4ஐ அடையாளம் காண்பது எளிது: உடலின் நடுப்பகுதியில் ஓரமாக, நகத்தின் அடிப்பிறையைப் போல ஒரு வெள்ளைப் பிறை தெரியும். அதைப் பார்த்த மறுநாள் அந்தப் புழு இளம் வளர்ந்த புழுவாகிவிடும். நரம்புச் சோதனைகளுக்கு இந்த வயதே உகந்தது.

சேர்மத்தைக் கொடுத்தல்

சேர்மங்களைப் பெரும்பாலும் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்னும் கரைப்பானில் கரைத்து வைப்பார்கள். குழியில் இதன் இறுதி அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.5 சதவீதத்துக்குள் நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. எல்லாக் குழிகளிலும், ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுக் குழிகளிலும்கூட, டிஎம்எஸ்ஓ ஒரே அளவில் இருக்க வேண்டும்.

96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் திரவமும் 20 முதல் 30 புழுக்களும் போதும். முதல் சுற்றில் பத்து மைக்ரோமோலார் முதல் நூறு மைக்ரோமோலார் வரை இரண்டு அல்லது மூன்று செறிவுகளைப் பார்ப்பது வழக்கம். மனித உயிரணுக்களில் நானோமோலார் அளவிலேயே வேலை செய்யும் மருந்துக்கு இங்கே ஆயிரம் மடங்கு தேவைப்படலாம். இதற்குக் காரணம் புழுவின் தடித்த மேற்தோல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்தொத்த சேர்மங்களை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெளியே உள்ள செறிவின் பாதியளவைத் தாண்டிப் புழுவுக்குள் சேர்ந்தவை 10 சதவீதத்துக்கும் குறைவு. எனவே விளைவு தெரியாத சேர்மத்தை நரம்புக்குத் தீங்கற்றது என்று எழுதிவிடாதீர்கள். ‘இந்தச் செறிவில் விளைவு காணப்படவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். முடிந்தால் மேற்தோல் பலவீனமான பஸ்-8 மரபுமாற்ற வகையில் ஒருமுறை திரும்பச் சோதியுங்கள்.

உணவாக இடும் பாக்டீரியாவும் இந்தச் சோதனையில் ஒரு தரப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயிருள்ள ஓபி50 சேர்மத்தைச் சிதைத்து வேறொன்றாக்கலாம்; அல்லது சேர்மம் பாக்டீரியாவைக் கொன்று புழுவைப் பட்டினி போடலாம். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் இந்தப் புழுவின் ஆயுளை நீட்டிப்பது பாக்டீரியாவின் ஃபோலேட் மற்றும் மெத்தியோனின் வளர்சிதை மாற்றத்தைக் கலைப்பதன் வழியாகத்தான் என்று 2013இல் தெரியவந்தது. பட்டினி கிடக்கும் புழு வேறு விதமாக நகரும், வேறு வேகத்தில் விழுங்கும். ஆகவே ஒன்றிரண்டு மணி நேரச் சோதனை என்றால் உணவே இல்லாமல் எம்9இல் செய்யலாம்; ஒருநாள் நீண்டால் வெப்பத்தாலோ புறஊதா ஒளியாலோ கொன்ற பாக்டீரியாவைக் கொடுத்து, அதே சேர்மம் உயிருள்ள பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள்.

என் முதல் தட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். வெளிவரிசைக் குழிகளில் வைத்த எட்டுச் சேர்மங்களும் புழுக்களை முடக்கியதாகக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் அவற்றின் பின்னாலேயே அலைந்தேன். அவற்றை உள்வரிசைக்கு மாற்றியபோது ஒன்றுகூட வேலை செய்யவில்லை. வெளிவரிசைக் குழிகளில் நீர் வேகமாக ஆவியானதே காரணம். இப்போது வெளிவரிசை முழுவதிலும் வெறும் பஃபரை ஊற்றிவிடுகிறேன்; தட்டை ஈரத் துணி வைத்த மூடிய பெட்டியில் வைக்கிறேன்; கட்டுப்பாட்டுக் குழிகளை ஒரே ஓரத்தில் அடுக்காமல் தட்டெங்கும் சிதறவைக்கிறேன்.

முதல் சுற்று: அசைவை அளத்தல்

திரவத்தில் விடப்பட்ட ஆரோக்கியமான இளம் வளர்ந்த புழு வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை இருபக்கமும் வளைந்து துள்ளும். கண்ணால் எண்ணுவது கடினம் என்பதால், நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் கேமராவைப் பொருத்தி, குழிக்கு 30 வினாடி காணொளி எடுத்து, பின்னர் மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். குழிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் புழுக்களைப் பின்தொடரும் நிரல்கள் கிடைக்கின்றன. புழுக்களைத் திரவத்துக்கு மாற்றியவுடன் எண்ணத் தொடங்காமல், ஒரு நிமிடமாவது அவற்றைப் புதிய திரவத்துக்குப் பழகவிட வேண்டும்.

நேர்க் கட்டுப்பாடாக, புழுவை முடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த லெவாமிசோல் மருந்தையும், எதிர்க் கட்டுப்பாடாக டிஎம்எஸ்ஓவை மட்டும் கொண்ட குழிகளையும் வையுங்கள். உண்மையான சேர்மங்களை இடும் முன், இந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு முழுத் தட்டை ஓட்டிப் பாருங்கள். இரண்டு கட்டுப்பாடுகளின் திட்டவிலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, இரு சராசரிகளின் இடைவெளியால் வகுத்து, அதை 1இலிருந்து கழித்தால் கிடைக்கும் எண் 0.5க்கு மேல் இருந்தால், ஒரு சேர்மத்துக்கு ஒரே ஒரு குழி வைத்தாலும் முடிவை ஓரளவு நம்பலாம். அதற்குக் கீழே இருந்தால் முதலில் சீர்செய்ய வேண்டியது உங்கள் கைமுறையை.

எண்ணுபவருக்கு எந்தக் குழியில் எது இருக்கிறது என்று தெரியவே கூடாது. தட்டைத் தயாரித்தவர் வேறு, எண்ணுபவர் வேறு என்று பிரிக்க ஆள் இல்லாவிட்டால், காணொளிக் கோப்புகளின் பெயர்களை மாற்றிக் கலைத்துவிட்டு எண்ணுங்கள்.

முடங்கியதா, இறந்ததா?

அசையாத புழுவைக் கண்டவுடன் உருப்பெருக்கத்தைக் கூட்டித் தலைப்பகுதியைப் பாருங்கள். தொண்டையின் பின்முனையில் உள்ள உருண்டைப் பகுதிக்குள் உணவை அரைக்கும் பல்போன்ற அமைப்பு ஒன்று முன்னும் பின்னும் துடிக்கும். உணவின் மேல் இருக்கும் வளர்ந்த புழுவில் இது நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் நடக்கும். தொண்டைக்குத் தனியாக 20 நரம்பணுக்கள் உள்ளன. உடல் தசைகள் நின்ற பிறகும் தொண்டை துடித்துக்கொண்டே இருக்கலாம். உடல் நின்று தொண்டை துடித்தால் புழு உயிரோடிருக்கிறது, முடக்கம் உடல் தசைப் பக்கம் மட்டும் என்று பொருள். ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி மருந்தில் தொண்டையே நின்றுபோகும். அது உயிரணுச் சவ்வில் குளுட்டமேட்டால் திறக்கும் குளோரைடு அயனி வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. அந்த வாயில்களுக்கான ஏவிஆர்-14, ஏவிஆர்-15, ஜிஎல்சி-1 ஆகிய மூன்று மரபணுக்களும் பழுதான புழுக்கள் ஐவர்மெக்டினைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும்.

அடுத்ததாக, அந்தப் புழுக்களை எம்9இல் கழுவிப் புதிய உணவுத் தட்டில் விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீண்டும் நகரத் தொடங்கினால் விளைவு மீளக்கூடியது. கம்பிபோல நேராக விறைத்துக் கிடந்து, தொட்டாலும் அசையாவிட்டால் இறந்துவிட்டது. இந்தப் படியைத் தாண்டாத சேர்மத்தை நரம்புச் சேர்மம் என்று அழைக்க வேண்டாம்.

நரம்பா, தசையா? ஆல்டிகார்பும் லெவாமிசோலும்

இந்தப் புழுவைக் கொண்டு செய்யும் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டே மருந்துகளைக் கொண்டு ஒரு சேர்மம் நரம்பு முனையில் வேலை செய்கிறதா, தசையில் வேலை செய்கிறதா என்று சொல்லிவிட முடிகிறது. ஆல்டிகார்ப் ஒரு கார்பமேட் பூச்சிக்கொல்லி. நரம்பு முனையிலிருந்து வெளிவரும் அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. சிதைவு நின்றதும் அசெட்டைல்கோலின் சேர்ந்துகொண்டே போய், தசை சுருங்கியபடியே நின்று புழு முடங்கும். எவ்வளவு விரைவில் முடங்குகிறது என்பது, நரம்பு முனை எவ்வளவு அசெட்டைல்கோலினை வெளிவிடுகிறது என்பதைப் பொறுத்தது. லெவாமிசோலோ நரம்பு முனையைத் தாண்டி, தசையில் அசெட்டைல்கோலினை ஏற்கும் புரதமான ஏற்பியையே நேரடியாகத் திறக்கிறது.

ஆல்டிகார்ப் மனிதருக்கும் கொடிய நஞ்சு. கையுறை அணிந்து, புகைபோக்கி அலமாரிக்குள் மட்டுமே எடைபோடவும் கரைக்கவும் வேண்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள். 70 சதவீத எத்தனாலில் 100 மில்லிமோலார் கரைசலாக வைத்து, அகர் ஆறிய பின் 1 மில்லிமோலார் ஆகும்படி கலந்து ஊற்றுவது வழக்கம். அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த தட்டும் உடன் இருக்க வேண்டும்.

முதலில் புழுக்களை உங்கள் சேர்மத்தில் சில மணி நேரமோ ஒரு நாளோ வையுங்கள். பின்னர் 20 முதல் 30 புழுக்களை ஆல்டிகார்ப் தட்டுக்கு மாற்றி, அரை மணிக்கு ஒருமுறை பிளாட்டினம் கம்பியால் தலையிலும் வாலிலும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மூன்று முறை தொட்டும் அசையாததை முடங்கியதாகக் குறியுங்கள். 1 மில்லிமோலாரில் காட்டுவகைப் புழுக்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடங்கும். தட்டின் வயது, அறையின் வெப்பம் ஆகியவற்றால் இந்த நேரம் நகரும் என்பதால், சேர்மம் பெறாத புழுக்களை அதே நாளில், அதே தொகுதித் தட்டில் வைத்து ஒப்பிடாமல் முடிவெடுக்கக் கூடாது. இன்னொரு கூட்டத்தை லெவாமிசோல் தட்டில் இதே முறையில் பாருங்கள்.

உங்கள் சேர்மம் பெற்ற புழுக்கள் ஆல்டிகார்பில் தாமதமாகவும் லெவாமிசோலில் வழக்கம்போலவும் முடங்கினால், தசை சரியாக இருக்கிறது, நரம்பு முனையின் வெளியீடுதான் குறைந்திருக்கிறது. இரண்டிலும் தாமதமானால் ஏற்பியிலோ தசையிலோ தேட வேண்டும். ஆல்டிகார்பில் வழக்கத்தைவிட விரைவாக முடங்கினால் இரண்டு வாய்ப்புகள் உண்டு: அசெட்டைல்கோலின் வெளியீடு கூடியிருக்கலாம், அல்லது அதற்கு எதிராகத் தசையைத் தளர்த்தும் காபா குறைந்திருக்கலாம்.

இரண்டாவது வாய்ப்பைப் பிரித்தறிய மூக்கு நுனியைத் தொட்டால் போதும். நல்ல புழு மூக்கில் தொட்டதும் அலைபோல வளைந்து பின்வாங்கும். காபா இல்லாத அன்சி-25 மரபுமாற்றப் புழுவில் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் ஒரே நேரத்தில் இறுகுவதால், வளையாமல் நீளவாக்கில் சட்டென்று குறுகிப் பின் நீளும். ஒருமுறை கண்டவர் அதை மறக்க மாட்டார். உங்கள் சேர்மம் பெற்ற காட்டுவகைப் புழுவும் அப்படிக் குறுகினால், காபா பக்கம் திரும்புங்கள்.

மற்ற நரம்புகள்

செரடோனினுக்கு முட்டையிடுதலையும் தொண்டைத் துடிப்பையும் பாருங்கள். உணவில்லாத எம்9இல் விட்ட புழு வழக்கமாக முட்டையிடாமல் அடக்கிக்கொள்ளும். செரடோனினும், ஃபுளுவாக்செட்டின், இமிப்பிரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் அந்த நிலையிலும் முட்டையிடத் தூண்டும். ஒரு குழிக்கு ஒரு புழு வைத்து, ஒரு மணி நேரம் கழித்து முட்டைகளை எண்ணினால் போதும்.

டோபமைனுக்கு, நன்கு உண்ட புழு வெற்று அகரிலிருந்து பாக்டீரியாப் படலத்துக்குள் நுழையும்போது வேகம் குறைகிறதா என்று 20 வினாடி வளைவுகளை எண்ணுங்கள். டோபமைன் உருவாக்க முடியாத கேட்-2 வகை அவ்வாறு வேகம் குறைக்காது. இருபாலுயிரிப் புழுவில் டோபமைன் நரம்பணுக்கள் எட்டே எட்டு. அவற்றில் மட்டும் பச்சை ஒளிரும் புரதம் தோன்றும் பிஇசட்555 வகையில், ஒளிர்நுண்ணோக்கியில் மூக்கு நுனி வரை நீளும் நூல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும். டோபமைன் நரம்பணுக்களை அழிக்கும் நஞ்சான 6-ஹைட்ராக்சிடோபமைன் கொடுத்தால் அந்த நூல்கள் முதலில் மணிகோத்தாற்போல் திப்பித்திப்பியாகி, பின்னர் அறுந்து மறையும். சேர்மம் நரம்பை அழிக்கிறதா, வெறுமனே அதன் வேலையைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடைப்பது அரிது. டோபமைனை உள்ளிழுக்கும் டாட்-1 புரதம் இல்லாத புழுக்களில் 6-ஹைட்ராக்சிடோபமைன் இந்த அழிவைச் செய்வதில்லை.

மென்தொடு உணர்வுக்கு ஆறு நரம்பணுக்கள் உள்ளன. பற்குச்சியின் முனையில் ஒரு புருவ முடியை ஒட்டி, தலைக்குச் சற்றுப் பின்னால் குறுக்காக வருடுங்கள். பிளாட்டினம் கம்பி இதற்கு மிகக் கடினம்.

நடத்தையில் விளைவு தெரிந்த சேர்மத்தை, அது வேலை செய்யும் இடம் என்று நீங்கள் ஐயப்படும் மரபணு பழுதான வகையில் சோதித்தால்தான் ஐயம் தீரும். ஏற்பி இல்லாத புழுவில் விளைவு மறைந்தால் வழி சரி. மறையாவிட்டால் வேறு இலக்கும் உண்டு. 2006இல் 14,100 சிறு மூலக்கூறுகளைப் புழுக்களில் சோதித்தபோது கிடைத்த நெமாடிபின், ஈஜிஎல்-19 என்னும் கால்சியம் வாயிலைத் தடுக்கிறது என்று உறுதியானதும் இத்தகைய மரபியல் வழியில்தான்.

புழு சொல்ல முடியாதவையும் உண்டு. மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் வாயில் இதனிடம் இல்லை. எனவே டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சைப் போல அந்த வாயிலைத் தடுப்பவற்றையோ, பைரித்ராய்டு பூச்சிக்கொல்லிகளைப் போல அதைத் திறந்து வைப்பவற்றையோ அந்த வழியில் கண்டறிய முடியாது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையும் இல்லை. அட்ரினலின் இடத்தில் ஆக்டோபமைன் இருக்கிறது. இத்தகைய இலக்குகளில் வேலை செய்யக்கூடிய சேர்மங்களுக்கு வரிக்குதிரை மீன் குஞ்சுகளையோ வளர்ப்பு நரம்பணுக்களையோ நாடுங்கள்.

இந்தப் படிகளையெல்லாம் தாண்டி எஞ்சிய சேர்மங்களைப் பழைய டிஎம்எஸ்ஓ கரைசலிலிருந்து எடுக்காமல், புதிய தூளிலிருந்து கரைத்து, ஐந்து அல்லது ஆறு செறிவுகளில், வெவ்வேறு வாரங்களில் வளர்த்த மூன்று புழுக்கூட்டங்களில் திரும்பச் சோதியுங்கள். குழியின் அடியில் ஊசிபோல் படிகங்கள் தெரிந்தால், அந்தச் செறிவைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். ஆல்டிகார்ப் தட்டுகளைப் பொதுக் குப்பையில் போடாமல், நச்சுக்கழிவுக்கென வைத்த பெட்டியில் பெயர் எழுதி மூடி வையுங்கள்.